வலது மிதி

ஆரணியில் பட்டுத் தறிக்காரனுக்கு எங்கே வலிக்கும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முதுகு வலிக்கும், கழுத்து வலிக்கும், நாற்பதைத் தாண்டினால் கண் மங்கும். கால் வலிக்கிறது என்று எவனும் சொல்லிக் கேட்டதில்லை. காலுக்கென்ன கேடு? தறிக்குழிக்குள் நிழலில் தொங்கிக்கொண்டு, இரண்டு மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி அமுக்குகிற வேலை. வெயில் படாது, முள் குத்தாது. அப்படி ராஜா மாதிரி இருந்த காலைத்தான் ஜெகநாதன் உடைத்துக்கொண்டான். அதுவும் சொந்த வீட்டில், சொந்தக் குழியில். கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்து, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. தெருவில் எல்லார் வீட்டுத் தறிக்குழியிலும் மண் கசிந்து நசநசவென்று கிடந்தது. அன்றைக்குக் காலையில் ஜெகநாதன் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டுக் குழியில் இறங்கினான். வலது கால் வழுக்கி, மிதிக்கட்டைகளுக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் சிலிண்டர்காரன் குரல் கொடுத்தான். “தோ வந்துட்டேன்” என்று ஜெகநாதன் திரும்பினான். உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. அடுப்படியில் இருந்த அவன் பெண்டாட்டி கலைமகளுக்கு, முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

“இன்னாங்க அது?”

“ஒண்ணுமில்லடி. கால் பெரண்டுகிச்சி. நீ போயி சிலிண்டர எறக்கு.”

சாயங்காலத்துக்குள் பாதம் பன்னு மாதிரி வீங்கியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, சுளுக்குத்தான், ஓய்வாக இருங்கள் என்றார்கள். ஓய்வு என்றால் தறிக்காரனுக்கு என்ன அர்த்தம்? நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“நடக்காதன்னுதான சொன்னாங்க? தறி இன்னா நின்னு செய்யற வேலையா, உக்காந்து செய்யறதுதான. இத மூட்ட தூக்கறவன்கிட்ட சொல்லணும்” என்று சிரித்தான் ஜெகநாதன்.

இந்தத் தப்பை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். கொத்தனாராக இருந்தால் வீட்டில் படுத்திருப்பான். இவன் குண்டித் துணியைத் தட்டிவிட்டுக் குழியில் உட்கார்ந்து, உடைந்த பாதத்தால் நாள் முழுக்க மிதித்தான். உட்கார்ந்தபடி மிதிக்கிறபோது முழு வலி தெரியவில்லை. எழுந்து நின்றால்தான் உயிர் போயிற்று. அதனால் அவன் எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டான்.

ஒரு நாள் விளக்கெண்ணெய் தடவ உட்கார்ந்த கலைமகள் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலின் நடுவில் நாவற்பழம் நசுங்கிய நிறம். எதிர்வீட்டுச் சின்னம்மா வந்து எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயசு, புருஷன் இல்லை, தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் வந்து நிற்கிற ஆள்.

“அடியே, மேல வீங்கினா சுளுக்கு. உள்ளங்கால்ல ரத்தம் கட்டினா அது வேறடி. ஜல்தி வேலூருக்கு இட்டுகினு போ.”

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அனுஷா என்று ஒரு டாக்டரம்மா. அவர் முதலில் செய்த காரியம் ஜெகநாதனை இரண்டு காலிலும் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்ததுதான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், நெற்றியில் வேர்வை சொட்டியது.

“படுத்துட்டு எடுத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கற மாதிரிதான் தெரியும். பாரம் ஏறினாத்தான் விலகும். இங்க பாருங்க, பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி. பாதத்தோட வளைவ இழுத்துப் பிடிச்சிருக்கற நரம்புக்கட்டு அறுந்திருக்கு, அடியில எலும்பு ஒடஞ்சிருக்கு. அதுக்கப்புறமும் என்ன வேலை செஞ்சீங்க?”

“தறி நெய்யறோம்மா.”

“இந்தக் காலாலயா?”

ஜெகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். கலைமகள்தான் கேட்டாள். “மறுபடியும் தறியில எறங்குவாராம்மா?”

“ஆபரேஷன் பண்ணி, எலும்ப எடத்துல ஒக்கார வெச்சி, பிளேட்டு, ஸ்க்ரூ, ரெண்டு கம்பி போடுவோம். அது சேர்ற வரைக்கும் அந்தக் கால் தரையில படவே கூடாது, ஒரு தடவைகூட. ஸ்க்ரூ ஒடஞ்சிதுன்னா அந்த மூட்டையே ஒட்ட வெச்சிடணும். அப்பறம் நடுப்பாதம் கட்டை மாதிரி ஆயிடும்.”

கட்டை மாதிரி ஆன பாதத்தால் மிதிக்க முடியாது. அதை டாக்டரம்மா சொல்ல வேண்டியதில்லை. ஆபரேஷன் முடியும்வரை கலைமகள் வராந்தாவில் உட்கார்ந்து, ஜலகண்டேஸ்வரரிடம் ஒரே ஒரு வேண்டுதலைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கால் நடக்கிற காலாக வந்தால் போதாது சாமி, மிதிக்கிற காலாக வரணும்.

வீட்டுக்கு வந்தார்கள். உள் அறையில் கட்டில், கட்டிலில் இரண்டு தலையணை, தலையணை மேல் மாக்கட்டுப் போட்ட வலது கால். ஐந்து விரல்கள் மட்டும் வெளியே. விரல் சில்லிட்டாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே வரவேண்டும், நகத்தை அமுக்கினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கலைமகள் பாலைக் கொடுக்கும்போதும் நகத்தை அமுக்கினாள், பாத்திரம் கழுவிவிட்டு வந்தும் அமுக்கினாள்.

“ஏன்டி பேஜார் பண்ற? நகம் தேஞ்சிடப் போவுது” என்பான் ஜெகநாதன். மாத்திரை வேகத்தில் பேசிக்கொண்டே தூங்கிவிடுவான்.

முன் அறையில் தறி நின்றது. அதில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. பட்டுக்கடை சக்கரவர்த்தி நயினார் கொடுத்த வேலை, பெரணமல்லூரில் கல்யாணம், தை முதல் முகூர்த்தம். கலைமகளுக்கு நெய்யத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டுகிற கட்டையை, அதாவது கரை நாடாவை, தள்ளிக்கொடுத்தவள்தான். குழியில் இறங்கி ஒரு முழுப் புடவை நெய்ததில்லை.

“நீ எறங்குடி, கரை நாடா நான் போடறேன்” என்றாள் சின்னம்மா. “ஓடுற பாவு சும்மா நிக்கக் கூடாது. அறுக்கவும் முடியாது.”

அந்தத் தெருவில் அப்படி ஒரு வழக்கம். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கிற நூல். ஒருவன் நெய்துகொண்டிருக்கிற பாவைப் பாதியில் அறுக்க மாட்டார்கள். எலி கடித்தால் முடிச்சுப் போடுவார்கள், சாயம் போனால் தலையில் அடித்துக்கொண்டு நெய்து முடிப்பார்கள். தறிக்காரன் செத்தால் மட்டும், பிணம் தெருமுனையைத் தாண்டியதும் அவன் பாவை அறுப்பார்கள். போகிறவன் காலை அது பிடித்து இழுக்கக் கூடாதாம்.

கலைமகள் குழியில் இறங்கினாள். முதல் இரண்டு நாள் தட்டுத்தடுமாறினாள். மூன்றாம் நாள் பிற்பகல், மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. தெரு முழுக்கச் சோறு தின்றுவிட்டு ஓய்ந்து கிடந்தது. அப்போது அவளுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. சட்டென்று, தண்ணீரில் இறங்கிய மாதிரி. தறி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. புருஷன் நெய்ததற்கும் அவள் நெய்ததற்கும் துணியில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. அவளுக்கே பெருமையாகப் போயிற்று.

“பாத்தியாக்கா? கை மாறினதே தெரியல.”

திரும்பினாள். கரை நாடாவைக் கையில் பிடித்தபடி சின்னம்மா உள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஜெகநாதனின் கட்டில் தெரியும்.

“இன்னாக்கா?”

“மிதி. நிறுத்தாத, மிதிச்சிகினே இரு.”

மிதித்தாள்.

“இப்ப நிறுத்து.” கலைமகள் நிறுத்தினாள். “மறுபடி மிதி.” சின்னம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “கலை, உன் ஊட்டுக்காரன் தூங்கறான். கால் தூங்கல. விரல் அஞ்சும் மடங்கி மடங்கி நிமிருது. நீ மிதிக்கிறப்பல்லாம் அதுவும் மிதிக்குதுடி.”

“சத்தம் கேட்டு ஆடுமாயிருக்கும். முப்பது வருசமா மிதிச்ச காலு.”

“நானும் அப்டிதான் நெனச்சேன். ஆனா சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அது மடங்குது. மொதல்ல அது போவுது, பின்னாடிதான் உன் கால் போவுது.”

கலைமகள் நாடாக் கயிற்றை விட்டாள். எழுந்து போய்ப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். கால் சிவனே என்று தலையணை மேல் கிடக்கிறது. நகத்தை அமுக்கினாள். வெளுத்தது, சிவந்தது. அன்றைக்கு மேற்கொண்டு நெய்யவில்லை. ஆனாலும் கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததே, என்ன செய்வாள்? மறுநாள் மறுபடியும் இறங்கினாள். சின்னம்மாவை மட்டும் உள்ளே பார்க்காதே என்று சொல்லிவைத்தாள்.

தையல் பிரித்துப் புது மாக்கட்டுப் போடப் போனபோது டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

“கால ஊனினீங்களா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாதீங்க. கம்பி வளைஞ்சிருக்கு. ஒரு ஸ்க்ரூ லூசாயிருக்கு. நூறு தடவை மிதிச்சாதான் இப்படி ஆகும்.”

“எங்க கொலதெய்வத்து மேல சத்தியம்மா” என்று கலைமகள் அழுதாள். “கக்கூசுக்குக்கூட நாந்தான் தூக்கிகினு போறேன். ஆனா ஒண்ணும்மா... நான் தறி நெய்யறப்போ அவரு கால் ஆடுது. தூக்கத்துல.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஆபரேஷனுக்கு அப்புறம் தசை துடிக்கும். பழகின சத்தம் கேட்டா அதிகமாத் துடிக்கலாம். தறிய நிறுத்திடுங்க. இதே மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா மூட்ட ஒட்ட வெக்கறத தவிர வழியில்ல.”

தறியை நிறுத்தினாள். நயினாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். “ஒடம்பு மொதல்லம்மா, பாத்துக்கலாம்” என்றார் அவர். குழியின் மேல் பலகை போட்டு மூடி, மேலே கோணியை விரித்தாள். வீடு அமைதியானது. காதில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு அமைதி. ஜெகநாதன் ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டு, “என் காலுக்காக எத்தினி ஆடு நொண்டுதோ” என்று கிண்டல் பண்ணினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

கார்த்திகையில் புயல் என்றார்கள். காலையிலிருந்தே கும்மிருட்டு, கரண்ட் இல்லை. பகல் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, அவன் தூங்கியதும் கலைமகள் அடுப்படியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. டக்... டக்... கோணிக்குக் கீழே, பலகைக்குக் கீழே.

எலி என்று சொல்லிக்கொண்டாள். பலகையை விலக்கிப் பார்த்தாள். குழியில் எலி இல்லை, யாரும் இல்லை. வலது மிதிக்கட்டையின் கயிறு மட்டும் விறைத்து விறைத்துத் தளர்ந்தது. கட்டை இறங்கியது, ஏறியது. மேலே பாவின் இழைகள் வாய் திறந்து வாய் மூடின.

உள்ளே ஓடினாள். விரல்கள் மட்டுமில்லை, மாக்கட்டோடு பாதம் முழுக்க எம்பி எம்பி இறங்கியது. கட்டு குதிகாலில் விரிசல் விட்டிருந்தது. கம்பி இருக்கிற இடத்தில் துணி நனைந்து சிவந்திருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் வலியே இல்லை, லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“இன்னாங்க, ஏந்திருங்க! கால நிறுத்துங்க!”

உலுக்கினாள், எழவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். அவளையும் சேர்த்துத் தூக்கியது. பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் காலை அவள் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், அது நிற்கமாட்டேன் என்றது. முன் அறைக்கு ஓடினாள். புடவைத் தலைப்பால் இரண்டு மிதிக்கட்டையையும் சேர்த்துக் கட்டினாள். துணி கிழிந்தது. ஸ்க்ரூ ஒடஞ்சிதுன்னா என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நூல் நறுக்குகிற கத்தரி தறிச்சட்டத்தில் தொங்கியது. அதை எடுத்தாள். எடுத்தபிறகு கை வரவில்லை. தறிக்காரன் செத்தால் அறுக்கிற பாவு. உயிரோடு, மூச்சோடு, பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறவன் பாவை அறுத்தால் என்ன அர்த்தம்? தாலியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உன் ஆசையெல்லாம் இதுல இருந்தா இதோட போவட்டும். அவர உட்டுடு” என்று தறியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். வெட்டினாள்.

இறுக்கமாக நின்ற பட்டு, சர்ரென்று இரண்டு பக்கமும் சுருண்டு ஓடியது. மிதிக்கட்டை தொப்பென்று குழியின் சேற்றில் விழுந்தது. அந்த நிமிஷம் அவளுடைய வலது காலில், கெண்டைக்காலிலிருந்து பெருவிரல் வரைக்கும், சுள்ளென்று ஒன்று இறங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை. ஓடிப்போய் அவன் மூக்கின் கீழே கையை வைத்தாள். மூச்சு சூடாக வந்தது. கால் அசையாமல் கிடந்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன. நகத்தை அமுக்கினாள். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. ஐயோ என்று வாயைத் திறக்கும்போது மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சிவந்தது.

ஜெகநாதன் கண்ணைத் திறந்தான். “ஏன்டி தறி நின்னுப்போச்சி?”

“தறி எங்க ஓடுது? நிறுத்தி எத்தினி நாளாச்சி.”

“இல்ல. ஓடிகினுதான் இருந்துச்சி” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

மழையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்த சின்னம்மா அறுந்த பாவைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி, உசுரோட கீற மனுசனுக்கு...” என்று ஆரம்பித்தவள் கலைமகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து நயினார் வந்தார். வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி கட்டுகிற மனிதர். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் துணியைத் தொடாமலே பார்த்தார்.

“கல்யாணத்துக்கு வேற பொடவை குடுத்துக்கறேன். இத ஊட்டுல வெச்சிக்காதம்மா, நான் எடுத்துகினு போறேன்” என்றார். மடிக்காமல் சுருட்டி, தன் துண்டில் கட்டிக்கொண்டு போனார்.

மழை விட்டதும் வேலூருக்குப் போய் விரிசல் விட்ட மாக்கட்டை மாற்றினார்கள், நல்லவேளை ஸ்க்ரூ உடைந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கால் தேறியது. அப்படி ஒரு தேறல். தையில் கம்பியை உருவினார்கள். மாசியில் பெரிய பூட்ஸ் மாதிரி ஒன்றை மாட்டி, வாக்கர் பிடித்து நடக்கவிட்டார்கள். அப்புறம் இன்னொரு சின்ன ஆபரேஷன், பிளேட்டையும் கழற்றினார்கள். நிற்கவைத்து எடுத்த படத்தைக் காட்டி, “எங்க விலகியிருந்துச்சுன்னே தெரியல, எனக்கே சந்தோஷமா இருக்கு” என்றார் டாக்டரம்மா. தரையில் துண்டை விரித்து விரலாலேயே சுருட்டச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார். அதில் மட்டும் ஜெகநாதன் திணறினான்.

“மடங்குன்னு சொல்றேன். யாரையோ கேட்டுகினு வந்து மடங்கற மாதிரி மடங்குது” என்றான்.

வேலூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கலைமகள் ஜன்னலோரம் கண் அசந்தாள். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். “ஏம்மா, எதுக்கு சீட்ட ஒதைச்சிகினே வர்ற?” கலைமகள் விழித்துக் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் மிதித்துக்கொண்டிருந்தது. இடது காலை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஜெகநாதன் எதிர்ப்பக்க ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் அவள் சொல்லவில்லை. பகலில் படுப்பதையே விட்டுவிட்டாள்.

சித்திரையில் புதுப் பாவு ஏற்றினார்கள். வெயில் கொளுத்தியது, குழி காய்ந்து மண் வெடித்திருந்தது. கற்பூரம் காட்டிவிட்டு ஜெகநாதன் இறங்கினான். கலைமகள் பக்கத்தில் கரை நாடாவோடு உட்கார்ந்தாள். அவன் மிதித்தான். வலது மிதி இறங்கவில்லை. மறுபடி மிதித்தான். இறங்கியது, ஆனால் நாடா போய்ச் சேர்ந்த பிறகு இறங்கியது. இழை அறுந்தது. குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தான். நெய்யத் தெரியாத பிள்ளை செய்கிற மாதிரி. வலி இல்லை, வீக்கம் இல்லை, எலும்பு நேராக இருக்கிறது. கால் மட்டும் தறிக்காரன் கால் இல்லை. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வரும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.

“நீ எறங்கு.”

“நான் எதுக்குங்க? பழகப் பழக வந்துடும்.”

“வராது கலை. நீ பாவ அறுத்த அன்னிக்கே போயிடுச்சி. எனக்குத் தெரியும்.”

“அப்டியெல்லாம் பேசாதீங்க.”

“பஸ்ல பாத்தேன். போன வாரம் நீ சொவத்துல சாஞ்சி தூங்கிட்டப்பவும் பாத்தேன். அது என் மிதிடி. எனக்குத் தெரியாதா?”

அவள் உடைந்து அழுதாள். “நான் கேக்கலீங்க. சத்தியமா நான் கேக்கல. உங்க கால் நிக்கணும்னுதான் அறுத்தேன். எனக்கு வோணாம், இத எடுத்துக்குங்க. எப்டி குடுக்கறதுன்னு தெரியலியே!”

அவன் கண்ணிலும் நீர் நின்றது. கோபம் இருந்திருக்கும், இல்லாமல் இருக்குமா? முப்பது வருஷத்துத் தொழில். பிறகு அவள் மடியிலிருந்து கரை நாடாவை எடுத்துக்கொண்டான். அவள் உட்காருகிற இடத்தில், புதுக் காலை ஜாக்கிரதையாக மடக்கி உட்கார்ந்தான்.

“அழுவாத. வெளிய எங்கனா போயிருந்தா இன்னா பண்ணியிருப்போம்? ஊட்டுலதான கீது. எறங்கு.”

கலைமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டாள். இன்னும் அவள் நாடாக் கயிற்றைத் தொடவில்லை. கீழே வலது கால் மிதிக்க ஆரம்பித்திருந்தது.